லண்டன்–டோக்கியோ: தூரம் 9,600 கி.மீ. என்றால் பயணம் ஏன் 14 மணி நேரம்?

கேள்வி:
வரும் ஜனவரியில் என் தாயாரை லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு அழைத்துச் செல்கிறேன். நேரம் தவறாமல் மருந்து உட்கொள்பவர் என்பதால், பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம் என்று அறிய விரும்புகிறேன். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 9,600 கி.மீ. என்று இணையத்தில் பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று கொண்டால் பதினொரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். பயணச்சீட்டிலோ 14 மணி நேரம் என்றிருக்கிறது. காலை 11 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 10 மணிக்குச் சேர்வதாகவும் உள்ளதால், கழித்துப் பார்த்தால் 23 மணி நேரம் வருகிறது. எதை நம்புவது?

மறுமொழி 1:
9,600 கி.மீ. என்பது சரியான அளவுதான். ஆனால் அது உருண்டையான பூமியின் மீது அளந்த மிகக் குறுகிய தூரம். தட்டையான உலக வரைபடத்தில் இரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்து, திசைமாறாமல் அதன்படியே பறந்தால் ஏறத்தாழ 11,300 கி.மீ. ஆகிவிடும். குறுகிய பாதை ஸ்காண்டிநேவியா வழியாக வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்து, சைபீரியாவின் மேலாக இறங்குகிறது. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வதும் மேலேறி இறங்குவதும் பயண நேரத்தில் அடங்கும்.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியது சரி; எனினும் அது மட்டும் மூன்று மணி நேர வேறுபாட்டை விளக்காது. அந்தக் குறுகிய பாதையில் இப்போது இவ்விமானங்கள் பறப்பதில்லை என்பதே முதன்மையான காரணம். உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 பிப்ரவரியில் பிரித்தானிய, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. ஜப்பானிய நிறுவனங்களும் அவ்வழியைத் தவிர்த்துவிட்டன. அதற்கு முன் 12 மணி நேரத்தை ஒட்டி இருந்த பயணம், தெற்கே துருக்கி, மத்திய ஆசியா வழியாகச் சுற்றுவதால் நீண்டுவிட்டது. ஹெல்சிங்கி–டோக்கியோ பயணிகளுக்கு இழப்பு இன்னும் பெரிது. அங்கே ஒன்பதரை மணி நேரம் 13 மணி நேரமாகிவிட்டது. பனிப்போர்க் காலத்திலும் இப்படித்தான்: சோவியத் வான்வெளி மூடியிருந்ததால், ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் சென்ற பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. தூரக் கணிப்பான்கள் பூமியை அளக்கின்றனவே தவிர, நாடுகளுக்கு இடையே உள்ள தடைகளை அளப்பதில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் 23 மணி நேரம் எப்படி வந்தது? திரும்பும் பயணமும் இதே அளவுதானா?

மறுமொழி 3:
பயணச்சீட்டில் புறப்படும் நேரம் லண்டன் கடிகாரப்படியும், சேரும் நேரம் டோக்கியோ கடிகாரப்படியும் அச்சிடப்படும். குளிர்காலத்தில் டோக்கியோ 9 மணி நேரம் முன்னே உள்ளது. கோடைகாலத்தில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் வேறுபாடு 8 மணி நேரமாகும். நீங்கள் பார்த்த 23இல் 9ஐக் கழித்தால் 14 கிடைக்கிறது; உண்மையில் விமானத்தில் கழிவது அதுவே. தாயாரின் மருந்துக்கு, சேருமிடக் கடிகாரத்தைப் பார்க்காமல், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே கழியும் மணிக்கணக்கைக் காகிதத்தில் எழுதி, புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பும் பயணத்தை அதே அளவு என்று கொள்ள வேண்டாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுவாக இருக்கும்; மேற்கு நோக்கி வருவோருக்கு அது எதிர்காற்று. அதனால்தான் டோக்கியோவிலிருந்து லண்டன் வரும் சில விமானங்கள் பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாகக் கிழக்காகவே சுற்றி வருகின்றன. அப்படியொரு விமானம் அமைந்தால், தாயார் உலகை ஒரு முழுச்சுற்று சுற்றி வந்திருப்பார்.