நெட்ஸில் எத்தனை பந்தை அடிக்காமல் விட்டீர்கள்?

வெள்ளவத்தையிலிருந்து:

வேலைத்தலத்து கிரிக்கெட் அணிக்கு ஆறு வருடமாக மூன்றாவது ஆளாக இறங்கித் துடுப்பெடுத்தாடுகிறேன். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்தால் நேரே நெட்ஸ்தான், வலை கட்டிய பயிற்சி இடத்துக்கு. பந்து துடுப்பின் நடுவில் பட்டு வலையில் போய் மோதும் சத்தத்தைக் கேட்டால் அன்றைய களைப்பெல்லாம் போய்விடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் 12, 7, 18 ஓட்டம்தான். பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் ஆட்டமிழப்பேன்: ஓஃப் ஸ்டம்புக்கு (கால்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஸ்டம்ப்) வெளியே போகிற பந்தைத் தொட்டு, விக்கெட் காப்பாளரிடம் பிடி.

போன வருடம் ஒரு பின்னேரம், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வயதான சேர் ஒருவர் வலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும், "தம்பி, இண்டைக்கு எத்தனை பந்தை விட்டனீர்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. "இங்க அந்தப் பந்தை அடிச்சுப் பழகிப்போட்டு, மெட்ச்சில விடச் சொன்னா கை கேக்குமோ?" என்றார்.

உண்மைதான். நெட்ஸில் விளிம்பில் பட்ட பந்தைப் பிடிக்க ஸ்லிப்பில் நிற்கும் ஆளும் இல்லை, விக்கெட் காப்பாளரும் இல்லை. விளிம்பில் பட்ட பந்து வலையில் சிக்கும், அடுத்த பந்து வந்துவிடும். அது ஆட்டமிழப்பு என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அவர் முதலில் நான் நிற்கும் இடத்தை மாற்றினார். கால் பக்கமுள்ள லெக் ஸ்டம்புக்கு நேரே துடுப்பை வைத்து நின்றுகொண்டிருந்தவனை நடு ஸ்டம்புக்கு நகர்த்தி, பந்து வரும்போது தலை ஓஃப் ஸ்டம்புக்கு நேரே இருக்கும்படி நிற்க வைத்தார். அப்படி நின்றால் கண்ணுக்கு வெளியே போகிற பந்து ஸ்டம்புக்கும் வெளியேதான் போகும். ஆடுதளத்து விரிப்பான மெட்டிங்கில் ஓஃப் ஸ்டம்பிலிருந்து நீளமாக ஒரு சோக் கோடு போட்டார். முதல் 30 பந்தும் அந்தக் கோட்டை ஒட்டியே வரும். பந்து குத்தும் நேரத்தில் நான் "விடு" அல்லது "ஆடு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நண்பன் பக்கத்தில் கொப்பியோடு இருந்து, பிழையான முடிவை மட்டும் கோடு போட்டு எண்ணுவான்.

முதல் நாள் 30க்கு 11 பிழை. சலிப்பான வேலை, துடுப்பில் படும் அந்த இனிய சத்தமே கிடையாது. மூன்றாவது கிழமை பிழை நான்காகக் குறைந்தது. அதற்குப் பிறகு வந்த ஆட்டத்தில் முதல் 20 பந்தில் 9ஐ விட்டேன். 41 ஓட்டம். உள்ளே வந்த ஒரு பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ. சரி, இப்போது கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

என் மகனுக்கு 15 வயது, வேகப்பந்து வீசுகிறான். இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்க, துடுப்பாளர் நிற்கும் கோடான கிரீஸில் சப்பாத்தை வைத்து யோர்க்கர் (துடுப்பாளரின் காலடியில் விழும் பந்து) பழகினார் என்று கேள்விப்பட்டு, எங்கள் பழைய சப்பாத்துச் சோடியைக் கொண்டுபோய் வைத்தான். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மாலிங்க தொடர்ந்து நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்ததை எத்தனை தரம் பார்த்திருப்பான் என்று கணக்கே இல்லை.

பிழை விட்டது நான். ஒரே மூச்சில் 50 பந்து போடச் சொன்னேன். முப்பது தாண்டினதும் தோள் சரியும், பந்து நிலத்தில் குத்தாமலே போகும் ஃபுல் டொஸ் ஆகும், அவனும் அப்படியே போட்டுக்கொண்டிருப்பான். களைத்த உடம்பு களைத்த வீச்சைத்தான் பழகிக்கொள்கிறது. அதோடு வளரும் வயதில் வேகமாக வீசுகிறவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் வெடிப்பு வருகிற ஆபத்தும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட நாளில் இரவு முழுக்க நித்திரை வரவில்லை.

இப்போது ஆறு பந்து, ஓய்வு, திரும்ப ஆறு. மொத்தம் 24, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஓடத் தொடங்க முன்னர் என்ன பந்து என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் விழுந்தால்தான் கணக்கு. கொஞ்ச நாளில் சப்பாத்தை எடுத்துவிட்டு, துடுப்போடு அவன் அண்ணனை நிற்க வைத்தோம். ஆள் ஒரு அடி முன்னால் வந்தாலே யோர்க்கர் விழவேண்டிய இடம் மாறிவிடும், சப்பாத்து அதைச் சொல்லித் தராது.

அப்புறம், ஒரு வாளித் தண்ணீர். கெத்தாராமவில், கொழும்பு பிரேமதாச மைதானத்தில், இரவு ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனியில் நனைந்த பந்தைத் துவாயால் துடைத்துத் துடைத்துத்தான் வீசுவார்கள். கடைசி ஆறு பந்தையும் பழைய பந்தொன்றை வாளியில் முக்கி எடுத்துத்தான் போடுகிறான். முதலில் கையை விட்டு வழுக்கியது. இப்போது ஆறில் இரண்டு விழுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து:

ஈரப் பந்து எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் வீச்சாளர்களிடம் வியாழக்கிழமையே சொல்கிறேன். ஒன்று கேட்க வேண்டும்: சப்பாத்துக்கு எத்தனை பந்து பட்ட பிறகு அதை எடுத்தீர்கள்? சோக் கோட்டை எப்போது அழிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.