வலது மூளையில் பக்கவாதம்: இலையின் இடப்பாதி எங்கே போகிறது?

கேள்வி: வைகறை

எழுபத்தொரு வயதான என் தந்தைக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு மூளையின் வலப்பக்க இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுப் பக்கவாதம் ஏற்பட்டது. இடது கையில் வலு ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சில் குழறல் இல்லை. ஆட்களை அடையாளம் காண்பதிலும் பழைய கொடுக்கல் வாங்கல்களைக் காசு பிசகாமல் சொல்வதிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. எங்களைத் திகைக்க வைப்பது வேறொன்று.

சென்ற வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு விசேஷம் என்பதால் வாழையிலை போட்டுப் பரிமாறினோம். வழக்கம்போல் இலையின் நுனி அவருக்கு இடப்பக்கம் இருந்தது. உப்பும் ஊறுகாயும் இடது மூலையில் இருந்தன. அவர் வலப்பாதியில் இருந்த கறிகளையும் சோற்றின் வலப்பகுதியையும் கோடு கிழித்ததுபோல் உண்டு முடித்துவிட்டு, "ஊறுகா வைக்கலையா?" என்று சற்றுக் கோபமாகக் கேட்டார். என் தாயார் ஒன்றும் பேசாமல் இலையைச் சுற்றி எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்தார். உடனே ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மீதியையும் உண்டார். முகம் மழிக்கும்போது இடது கன்னம் அப்படியே நிற்கிறது. செய்தித்தாளின் வரிகளை நடுவிலிருந்து தொடங்குகிறார்; 'மாநகராட்சி' என்று அச்சிட்டிருப்பதை 'ஆட்சி' என்று படித்துவிட்டுச் செய்தி விளங்கவில்லை என்கிறார்.

கண் மருத்துவர் பார்வைப் புலத்தையும் சோதித்துவிட்டுக் கண்ணில் குறையில்லை என்றார். பார்வையும் இருந்து, அறிவும் தெளிவாக இருந்து, பாதி உலகம் மட்டும் இல்லாமல் போவதென்றால், அந்தப் பாதி மூளையில் எங்கே தொலைகிறது? இடது மூளையில் பக்கவாதம் கண்ட என் பெரியப்பாவுக்கு வலப்பக்கம் இப்படித் தொலையவில்லையே, அது ஏன்? என் தந்தை வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார் என்று உறவினர்கள் சிலர் சொல்வதால், இதைச் சரியாக விளங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1: நரம்பியல் மருத்துவர்

சகோதரி, நீங்கள் விவரிப்பது இடப்புறப் புறக்கணிப்பு என்று நாங்கள் அழைக்கும் நிலையுடன் பொருந்துகிறது. இப்பெயர் எனக்கு உவப்பானதன்று. தமிழில் புறக்கணிப்பு என்றாலே தெரிந்தும் ஒதுக்குவது என்றுதான் பொருள்படும். உங்கள் உறவினர்கள் செய்யும் அதே பிழையை இந்தப் பெயரும் செய்கிறது. உங்கள் தந்தை எதையும் ஒதுக்கவில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வருவதில்லை; இல்லாத ஒன்றைத் தேடித் தலையைத் திருப்ப யாருக்கும் தோன்றாது.

விழித்திரையிலிருந்து புறப்படும் செய்தி, மூளையின் நடுவே ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகத் தலையின் பின்புறத்திலுள்ள பிடரி மடலுக்குச் செல்கிறது. அந்தப் பாதை உங்கள் தந்தைக்குச் சேதமடையவில்லை என்பதைத்தான் பார்வைப் புலச் சோதனை காட்டியிருக்கிறது. பாதிப் பார்வை இழந்தவர் தம் குறையை அறிந்து, தலையைத் திருப்பியாவது ஈடுசெய்வார்; புறக்கணிப்பு உள்ளவர் திருப்புவதில்லை. வந்து சேர்ந்த காட்சியில் இப்போது எது முக்கியம், கண்ணையும் கையையும் எந்தப் பக்கம் செலுத்துவது என்பதை முடிவு செய்வதில் பெரும் பங்கு, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ள பரைட்டல் மடலுக்கும், அது காதுக்கு மேலே பொட்டு மடலைச் சந்திக்கும் பகுதிக்கும் உண்டு. இவ்விரு பகுதிகளுக்கும் இரத்தம் கொண்டுசெல்வது பெரும்பாலும் நடு மூளைத் தமனியின் கிளைகள் என்பதால், அந்தத் தமனி வலப்பக்கம் அடைபட்டவர்களிடம் இந்நிலையை அடிக்கடி காண்கிறோம்.

இது கண்ணின் குறை இல்லை என்பதற்கு 1978ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் பிசியாக், லுசாட்டி ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வைவிட நல்ல சான்றை நான் அறியேன். அந்நகரின் பேராலயச் சதுக்கத்தை நன்கறிந்த இரு நோயாளிகளிடம், பேராலயத்தை நோக்கி நிற்பதாகக் கற்பனை செய்துகொண்டு சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லும்படி கேட்டார்கள். அவர்கள் வலப்பக்கத்தில் இருந்தவற்றையே பெரிதும் சொன்னார்கள். பிறகு பேராலயத்தின் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளச் சொன்னபோது, சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்கள் வரிசையாக வந்தன. முன்பு சொன்னவை காணாமற்போயின. அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. நினைவு முழுமையாகத்தான் இருந்தது. அதற்குள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும் ஆற்றல்தான் இல்லை. உங்கள் தாயார் இலையைத் திருப்பியது இதே சோதனைதான்.

பெரியப்பாவைப் பற்றிய கேள்விக்கு, 1981இல் மெசுலம் என்ற நரம்பியலாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் உதவுகிறது. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்கிறது. வலது மூளை இரு பக்கங்களையும் கவனிக்கிறது. ஆகவே இடது மூளை பழுதடைந்தாலும் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறது; வலது மூளை பழுதடைந்தால் இடப்பக்கம் காவலின்றிப் போய்விடுகிறது. வலப்புறப் புறக்கணிப்பு அறவே வராது என்று சொல்ல மாட்டேன். வந்தாலும் பொதுவாக லேசாக இருந்து விரைவில் மறைகிறது.

மறுமொழி 2: அறிவாற்றல் உளவியல் ஆய்வு மாணவி

மருத்துவர் ஐயா சொன்னவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள், கவனம் என்பது பரைட்டல் மடலில் வைத்துப் பூட்டப்பட்ட ஒரு பொருள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். தலாமஸ் போன்ற ஆழ்பகுதிகள் மட்டும் சேதமடைந்து, மேற்பரப்பு நன்றாக இருப்பவர்களுக்கும் புறக்கணிப்பு வருகிறது.

போஸ்னர், பீட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1990இல் கவனத்தை மூன்று வேலைகளாகப் பிரித்தார்கள்: விழிப்புடன் இருப்பது, ஒரு திசைக்குத் திரும்புவது, போட்டியிடும் எண்ணங்களுக்கிடையே தேர்ந்தெடுத்துக் கட்டுப்படுத்துவது. மூன்றும் வெவ்வேறு வலைப்பின்னல்கள். விழிப்புக்கு மூளைத்தண்டிலிருந்து பரவும் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் இன்றியமையாதது. கட்டுப்பாட்டுக்கு நெற்றி மடலின் பகுதிகள். திரும்புவதிலும் இரு வகை உண்டு என்று கார்பெட்டாவும் ஷுல்மனும் 2002இல் எடுத்துரைத்தார்கள். கூட்டத்தில் சிவப்புச் சட்டைக்காரரை நாமாகத் தேடும்போது இயங்குவது இரு பக்கமும் உள்ள மேல் வலைப்பின்னல். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதும் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுத் திரும்ப வைப்பது, வலப்பக்கமாகச் சாய்ந்த கீழ் வலைப்பின்னல். புறக்கணிப்பில் பெரும்பாலும் நேரடியாகச் சேதமடைவது கீழ் வலைப்பின்னல்தான். அதன் விளைவாக, சேதமே இல்லாத மேல் வலைப்பின்னலின் இடவலச் சமநிலையும் குலைகிறது.

பகுதிகளைப் போலவே அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் முக்கியம். 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், விழிப்புநிலையில் மூளை அறுவை நடந்துகொண்டிருந்தபோது, கிடைக்கோடுகளின் நடுப்புள்ளியைக் குறிக்கும்படி நோயாளியிடம் கேட்டுக்கொண்டே வலது மூளையின் சில இடங்களில் மின்தூண்டல் கொடுத்தார்கள். பரைட்டல் மடலையும் நெற்றி மடலையும் இணைக்கும் நீண்ட இழைக்கற்றையைத் தொட்டதும் குறி வலப்பக்கம் வெகுவாக விலகியது.

1998இல் வெளியான இன்னோர் ஆய்வு உங்கள் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தும். படம் தோன்றுவதற்குச் சற்று முன் ஓர் எச்சரிக்கை ஒலி கொடுத்தால், புறக்கணிப்பு உள்ளவர்களின் இடப்பக்கக் கவனம் அப்போதைக்குச் சீரடைந்தது. ஒலி இடப்பக்கமிருந்து வரவேண்டும் என்பதில்லை. விழிப்பு கூடினாலே போதும். விழிப்புக்கான வலைப்பின்னல், திரும்புவதற்கான வலைப்பின்னலுக்குத் தோள் கொடுக்கிறது.

கேள்வி கேட்டவர்: வைகறை

இருவருக்கும் நன்றி. ஒலியைப் பற்றிப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நேற்றுக் காலை அவருக்கு இடப்பக்கம் வைத்த காபி கால் மணி நேரமாக ஆறிக்கொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்த மறுகணம் அவராகவே அந்த டம்ளரை எடுத்தார். ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்பதை அறிவேன். இனி எல்லாவற்றையும் வலப்பக்கமே வைத்துவிடுவதா, அல்லது இலையைத் திருப்பிக்கொண்டே இருப்பதா என்பதுதான் எங்கள் குழப்பம்.

மறுமொழி 3: செயல்முறை மறுவாழ்வுச் சிகிச்சையாளர்

இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா. தண்ணீர், மாத்திரை, ஆளைக் கூப்பிடும் மணி ஆகியவை தவறவிடக் கூடாதவை என்பதால் இப்போதைக்கு வலப்பக்கமே இருக்கட்டும். சாப்பாடும் படிப்பும் பயிற்சிக்கானவை. செய்தித்தாளின் இட ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்து, ஒவ்வொரு வரியையும் அந்தக் கோட்டைக் கண்ட பிறகே தொடங்கச் சொல்லுங்கள். பேசும்போது வலப்பக்கம் நின்று தொடங்கி, அவர் உங்கள் முகத்தைப் பார்த்தபின் மெல்ல மெல்ல இடப்பக்கம் நகருங்கள். இடது கையில் வலு இருக்கிறதென்றால், அதை இலையின் இட ஓரத்தில் வைத்து விரல்களை அசைத்துக்கொண்டே உண்ணச் சொல்வதும் பலருக்கு உதவுகிறது.

காட்சியை வலப்பக்கம் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிவித்துக் கைநீட்டும் பயிற்சி தரும் முறை 1998 முதல் கையாளப்படுகிறது. அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முதல் சில மாதங்களில் தானாகவே கணிசமான முன்னேற்றம் வருவதுண்டு. அதுவரை தனியாகச் சாலையைக் கடக்கவோ வண்டி ஓட்டவோ அடுப்பருகே நிற்கவோ விடாதீர்கள். வாசற்காலின் இடப்பக்கத்தில் தோள் இடித்துக்கொள்வார், அதையும் கவனியுங்கள்.

இலையை உடனே திருப்ப வேண்டாம். "நுனி எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்" என்று முதலில் கேளுங்கள். தாமாகக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். முடியாவிட்டால் மட்டும் திருப்புங்கள். ஊறுகாய் எப்போதும்போல் இடது மூலையிலேயே இருக்கட்டும். அவர் அதைத் தேடுகிறார் என்பது நமக்கு அனுகூலம்.