கொத்துக்கறி வைத்த பிரெட்: மேலே சிவக்கிறது, உள்ளே களியாக இருக்கிறது

கேள்வி:
வணக்கம். மதுரையில், வீட்டிலுள்ள 28 லிட்டர் ஓடிஜி என்னும் சிறிய மின்சார அடுப்பில், மட்டன் கொத்துக்கறி வைத்த பிரெட்டை மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். ஒருமுறையும் சரியாக வரவில்லை. மைதா 400 கிராம், தண்ணீர் 260 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 7 கிராம், வெண்ணெய் 30 கிராம் என்பது என் அளவு. மிளகும் சோம்பும் சேர்த்து வதக்கிய 350 கிராம் கறியை மாவின் மேல் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, டின்னில் வைத்து ஒரு மணி நேரம் உப்பவிட்டு, 200 டிகிரியில் 25 நிமிடம் சுடுகிறேன். மேல்புறம் அழகாகச் சிவந்துவிடுகிறது. ஆனால் அறுத்துப் பார்த்தால், கறியை ஒட்டிய மாவு களிபோல் இருக்கிறது, கறிக்கு மேலே விரல் நுழையும் அளவுக்குப் பொந்தும் விழுந்திருக்கிறது. கடைசி முறை ஓரம் வெடித்து, மசாலா டின்னில் வழிந்து கரிந்தது. பிழை மாவிலா, கறியிலா?

மறுமொழி:
தம்பி, முதலில் கறியைப் பாருங்கள். வெங்காயம் விட்ட நீர் முழுவதும் வற்றி, எண்ணெய் பிரிந்து, கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி ஈரமின்றித் தெரியும்வரை வதக்க வேண்டும். அதன்பின் பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி தூவினால் மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அடுப்பில் கறியிலிருந்து எழும் ஆவி மேலிருக்கும் மாவைத் தூக்குகிறது, கறியோ கீழேயே தங்கிவிடுகிறது; அந்த இடைவெளிதான் உங்கள் பொந்து. கறியை நன்றாக ஆறவைத்த பிறகே பரப்புங்கள். 350 கிராம் அதிகம், 250 போதும். ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு எண்ணெய்ப் பசையே படக்கூடாது, பட்டால் மாவு ஒட்டாது. ஒட்டிய பக்கம் டின்னின் அடியில் இருக்கட்டும்.

மறுமொழி:
பல ஆண்டுகள் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேலே முதலில் பதில் எழுதிய அம்மா சொன்னது சரி, ஆனால் கறியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் கடைகளில் கிடைக்கும் மைதாவுக்கு 260 மில்லி அதிகம், 235 மில்லியில் தொடங்குங்கள். மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் உப்பவிட்டால் மாவு தளர்ந்துபோகும், பொந்து பெரிதாவதற்கு அதுவும் காரணம். விரலால் அழுத்தினால் குழி மெல்ல மேலெழும்பிப் பாதியில் நிற்கும் பதத்திலேயே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்; கோடையில் அதற்கு 35 நிமிடமே போதலாம். கறி வைத்த மாவை வெளியில் அதிக நேரம் வைத்திருப்பதும் நல்லதன்று.

200 டிகிரியில் மேல்தோல் சிவக்கும், நடுமாவுக்குச் சூடு போய்ச் சேராது. கீழ்த்தட்டில் வைத்து 180 டிகிரியில் 40 நிமிடம் சுடுங்கள். 25ஆவது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாள் மூடுங்கள். ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. வெப்பமானியை நடுவில் குத்தி 93 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது என்று பொருள். சூட்டோடு அறுத்தால் வெந்த மாவும் களிபோலத்தான் தெரியும், ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெப்பமானி இல்லாததால் நேரத்தை மட்டுமே நம்பினேன். ஓரம் வெடிக்கவில்லை, களியும் இல்லை, பொந்து மெல்லிய கீற்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அடிப்பக்கம் மட்டும் வெளிறி, சற்று ஈரமாக இருக்கிறது. டின்னிலேயே ஆறவிட்டது காரணமா?

மறுமொழி:
ஆம் தம்பி, ஆவி வெளியேற வழியின்றி அடியில் வியர்த்துவிடும். சுட்டு முடிந்ததும் டின்னிலிருந்து கவிழ்த்து எடுத்து, பிரெட்டை மட்டும் கம்பித் தட்டில் வைத்து மேலும் ஐந்து நிமிடம் அடுப்பில் விடுங்கள். பிறகு அதே கம்பித் தட்டில் வெளியே ஆறட்டும்.