ஐஸ் பிளான்ட் நாத்து சாயுது, செம்பர்விவம் முளைக்கவே இல்ல, உதவுங்க ப்ளீஸ்

மதுரைமல்லி_பிராம்ப்டன்

எல்லாருக்கும் வணக்கம். கனடால பிராம்ப்டன்ல இருக்கோம். வீட்டு முன்னாடி டிரைவ்வே ஓரமா நீளமா ஒரு துண்டு இடம், ஒரே சரளையும் கல்லும், வெயில் நாள் பூரா அடிக்கும், புல்லு கூட பிடிக்க மாட்டேங்குது. அங்க ஸ்னோவுல கிடந்தாலும் மறுபடி வர்ற சக்குலென்ட் (தடிச்ச இலை, தண்டுல தண்ணி சேத்து வைக்கிற செடி) வைக்கலாம்னு ஆசை. நர்சரில செடியா வாங்கி அந்த இடத்தை நிரப்புறது கட்டுப்படியாகாது, அதான் விதை. செம்பர்விவம் (ரோஜாப்பூ மாதிரி அடுக்கா இலை விடுற செடி), ஊதாப்பூ ஐஸ் பிளான்ட் (டெலோஸ்பெர்மா கூப்பெரி), அப்புறம் குளிர் தாங்குற சப்பாத்திக்கள்ளி, மூணும் வாங்கினேன்.

வீட்டுக்குள்ளயே கிச்சன் ஜன்னல்கிட்ட மூடி போட்ட ட்ரேல, கடைல விக்கிற சீட் ஸ்டார்டிங் மிக்ஸ் போட்டு விதைச்சு, மேல அரை விரல் மண்ணு தூவி, காலைல சாயந்தரம் ஸ்ப்ரே பண்ணிட்டு இருக்கேன். ஐஸ் பிளான்ட் மட்டும் சீக்கிரமே வந்துச்சு, ஆனா இப்ப கொத்துக்கொத்தா சாயுது. குனிஞ்சு பாத்தா தண்டு மண்ணைத் தொடுற அந்த இடம் மட்டும் நீர் கோத்து இளைச்சுப் போயிருக்கு, மேல ரெண்டு இலையும் இன்னும் குண்டா பச்சையாத்தான் இருக்கு. மண்ணு மேல வெள்ளையா பூஞ்சை வேற. செம்பர்விவமும் சப்பாத்திக்கள்ளியும் அசையவே இல்ல. விதை மட்டமா, இல்ல குளிர் பத்தலையா, என்ன பண்ணணும்?

ஸ்காபரோ_தோட்டக்காரன்

வணக்கம் அக்கா. உது டாம்பிங் ஆஃப் எண்டு சொல்லுற நாத்தழுகல். மண்ணில இருக்கிற பித்தியம், ரைசோக்டோனியா மாதிரியான பூஞ்சணங்கள் செய்யிற வேலை. விழுந்தது திரும்ப எழும்பாது, அதுகளைச் சுத்தி இருக்கிற மண்ணோட சேர்த்து கரண்டியால அள்ளி எறியுங்கோ. நிக்கிறதுகளைக் காப்பாத்தலாம். முதல் வேலை மூடியை எடுங்கோ, இண்டைக்கே. ரெண்டாவது, மேல ஸ்ப்ரே பண்ணுறதை நிப்பாட்டிப்போட்டு ட்ரேயை ஒரு தட்டுத் தண்ணிக்குள்ள வையுங்கோ, மேல்மண் நிறம் மாறின உடனே எடுத்திடுங்கோ, பிறகு மேல்மண் காயுறவரைக்கும் தண்ணி காட்டாதேங்கோ. ஒரு சின்ன ஃபேன் தூரத்தில மெல்லமா ஓடினா இன்னும் நல்லம்.

மிக்ஸும் உதுக்குச் சரிவராது. அது பீட் (சதுப்பு நிலத்தில மக்கின பாசி) கூடின சாமான், கத்தரி தக்காளிக்கு நல்லம், உதுகளுக்கு ஈரம் கனக்க. பாதிக்குப் பாதி பெர்லைட் (பொரிஞ்ச வெள்ளை எரிமலைக்கல் துகள்) இல்லாட்டி கிரானைட் கிரிட் (பொடிக்கல்) கலவுங்கோ. கோழித் தீவனக் கடையில கிரிட் மலிவு, ஆனா சிப்பி ஓட்டுக் கிரிட்டும் பக்கத்திலயே இருக்கும், அது சுண்ணாம்பு, பாத்து எடுங்கோ. பிள்ளையள் விளையாடுற மெல்லிய மணல் வேண்டாம், அது இறுகிப்போகும்.

செம்பர்விவம் முளைக்காததுக்குக் காரணம் நீங்கள் விதைக்கு மேல தூவின மண் தான் எண்டு நினைக்கிறன். அந்த விதை தூசி சைஸ், அதுக்கு வெளிச்சம் படவேணும். ஈரமான மண்ணுக்கு மேல தூவி கையால மெல்லமா அமத்தி விட்டாக் காணும், மூடவே கூடாது. ஐஸ் பிளான்டும் அப்பிடித்தான்.

மதுரைமல்லி_பிராம்ப்டன்

ரொம்ப நன்றி தம்பி. மூடியை எடுத்தாச்சு. எங்க ஊர்ல கீரை விதைச்சா மண்ணு தூவி ரெண்டு வேளை தண்ணி தெளிப்போம், அதே பழக்கம். அப்போ செம்பர்விவத்துக்கு குளிர் வேணாமா? ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு சில பேர் சொல்றாங்க.

கோத்தகிரி_கல்தோட்டம்

செம்பர்விவம் ஐரோப்பா மலைகள்ல, ஆல்ப்ஸ் பக்கமெல்லாம் பாறை இடுக்குல வளர்ற செடிம்மா, மூணு நாலு வாரம் குளிர் காட்டினா சீரா முளைக்கும், காட்டாம இருந்தாலும் கொஞ்சம் வரும். இவ்வளவு பொடி விதையை டிஷ்யூல சுத்தி வச்சா அப்புறம் பொறுக்கி எடுக்க முடியாது, அதனால தொட்டியிலயே தூவி, தொட்டியோட பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஃப்ரீசர்ல இல்ல, சுமார் 4 டிகிரி இருக்கிற கீழ்தட்டு. எடுத்தப்புறம் 18ல இருந்து 22 டிகிரி, நல்ல வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் பத்தாது, நாத்து நெட்டையா போயி அதுவே விழும், எல்இடி லைட்டை கிட்டக்க இறக்கி 14 மணி நேரம் விடுங்க. ஐஸ் பிளான்ட் தென்னாப்பிரிக்காக்காரி, அவளுக்கு குளிர் ட்ரீட்மென்ட் தேவையில்ல.

இன்னொண்ணு, பாக்கெட்ல இருக்கிற சிவப்பு செம்பர்விவம் படத்தை நம்பி மனசுல தோட்டம் போட்டுடாதீங்க. இதுங்க ஒண்ணோட ஒண்ணு தாராளமா கலக்கும், விதைல வர்றது ஒவ்வொண்ணும் ஒரு விதம். எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனா ஒரே நிறம் வேணும்னா ஒரு தாய்ச்செடி வாங்கி அது போடுற குஞ்சுகளைப் பிரிச்சு நடுறதுதான் வழி. பூத்த ரோசெட் (இலை அடுக்கு) செத்துரும், பயப்படாதீங்க, சுத்தி குஞ்சுங்க இருக்கும். அப்புறம் ஆன்லைன்ல பளீர் நீலக்கலர், வானவில் கலர் சக்குலென்ட் விதைன்னு வருமே, அந்தப் பக்கமே போகாதீங்க, அப்படி செடியே கிடையாது.

மாடிவெயில்_சென்னை

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும், இந்த செம்பர்விவம் சென்னை மாடில வருமா?

கோத்தகிரி_கல்தோட்டம்

கஷ்டம் தம்பி, ராத்திரி கூட சூடு இறங்காத இடத்துல அழுகிடும். விதைல இருந்தே வளர்க்கணும்னா அடீனியம் (பாலைவன ரோஜா) போடுங்க, விதை புதுசா இருந்தா உங்க ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும்.

ஸ்காபரோ_தோட்டக்காரன்

அக்கா, சப்பாத்திக்கள்ளிக்கு ஃப்ரிட்ஜ் மட்டும் காணாது. அந்த விதைக்கு ஓடு எலும்பு போல கடினம். விளிம்பில சான்ட் பேப்பரால கொஞ்சம் தேய்ச்சு, ஒரு நாள் தண்ணியில ஊறவிட்டு, ஈரமணலுக்குள்ள வைச்சு ரெண்டு மாசம் ஃப்ரிட்ஜில வையுங்கோ. அதுக்குப் பிறகும் கொஞ்சம் இந்த வருசம், மிச்சம் அடுத்த வசந்தத்தில எண்டு தான் வரும், தொட்டியை எறிஞ்சிடாதேங்கோ. அவசரமெண்டா ஒரு மடல் வாங்கி, வெட்டுவாயைக் காயவிட்டு நடுங்கோ, சுகமா வேர் பிடிக்கும். இந்த ஒன்ராறியோவிலயே பாயின்ட் பீலே தேசியப் பூங்காப் பக்கம் அது காட்டில வளருது, ஆனா சட்டம் பாதுகாக்கிற செடி, அங்கயிருந்து ஒண்டும் எடுக்க ஏலாது, நர்சரியில தான் வாங்கவேணும். பனி தொடங்கினா மடல் சுருங்கி ஊதா நிறமாகி தரையில படுத்திடும். செத்துப்போச்செண்டு பிடுங்கிடாதேங்கோ, உள்ளுக்கு உறைஞ்சு வெடிக்காம இருக்கத் தண்ணியைக் குறைக்குது, மே மாசம் நிமிரும்.

மதுரைமல்லி_பிராம்ப்டன்

இது தெரியாம இருந்திருந்தா நிச்சயம் பிடுங்கியிருப்பேன்! சரி, தப்பிச்ச ஐஸ் பிளான்டை எப்ப வெளிய வைக்கலாம்? அந்த சரளை மண்ணுல அப்படியே நட்டா போதுமா?

ஸ்காபரோ_தோட்டக்காரன்

மே மாச நடுவுக்குப் பிறகு வாற விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் கழிய. அதுக்கு முதல் ஒரு கிழமை, பத்து நாள் நிழலில தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா வெயில் பழக்குங்கோ, நேர வைச்சா இலை வெந்துபோகும். சரளை நல்லது தான், ஆனா டிரைவ்வே ஓரம் எண்டு சொன்னனீங்கள், குளிருக்கு ஐஸ் உருக நீங்கள் போடுற உப்பும் வழிச்சுத் தள்ளுற ஸ்னோவும் அதுக்கு மேல தானே விழும். அதால ஒரு சாண் உயரத்துக்கு மேடா கட்டி, சரிவை டிரைவ்வே பக்கம் விடுங்கோ, உப்புத்தண்ணி செடிக்கு வராம ஓடிடும். ஸ்னோவை மற்றப் பக்கம் தள்ளச் சொல்லுங்கோ. உதுகளைக் கொல்லுறது குளிரை விட மார்ச் மாசம் உருகித் தேங்கி நிக்கிற தண்ணி தான், காஞ்ச வேரோட இருந்தா பனியைத் தாங்கும். மூண்டுக்குள்ளயும் ஐஸ் பிளான்ட் கூப்பெரி தான் எங்கட பக்கத்துக்கு கொஞ்சம் நோஞ்சான், ரெண்டு மூண்டு நாத்தைத் தொட்டியில விட்டு குளிர்காலத்துக்கு கராஜுக்குள்ள ஜன்னல் பக்கம் வையுங்கோ. மஞ்சள் பூப்பூக்கிற நூபிஜீனம் எண்ட வகை அதைவிடக் குளிர் தாங்கும், அடுத்த முறை விதை வாங்கேக்க அதையும் சேர்த்து எடுங்கோ.