தாய்ப் பிரிவுக்கான ஃபீல்டு துணைப் பிரிவிலும் வர என்ன வழி?

வணக்கம் நண்பர்களே, பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அக்காவின் கருவாட்டு வியாபாரத்துக்கு வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன், ஒவ்வொரு சரக்கும் ஒரு பதிவு. கருவாடு தாய்ப் பிரிவு, அதன் கீழ் நெத்திலி, சீலா, திருக்கை, வாளை என்று துணைப் பிரிவுகள், மீன் வரத்தைப் பொறுத்து இன்னும் சேரும்.

உப்பு போட்டதா, எத்தனை நாள் காய்ந்தது, தலை எடுத்ததா என்று மூன்று ஃபீல்டுகளை (விவரம் நிரப்பும் கட்டங்கள்) அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற பிளகினில் போட்டு, பிரிவு கருவாடாக இருந்தால் காட்டு என்று விதி வைத்தேன். கருவாட்டை டிக் செய்தால் வருகிறது. அக்கா நெத்திலியை மட்டும் டிக் செய்தால் வருவதில்லை. போன வாரம் அப்படித்தான் உப்பு விவரமே இல்லாமல் ஒரு பதிவு போய், ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் போன் செய்து கேட்டார். இது சின்ன விஷயமில்லை.

ஒவ்வொரு துணைப் பிரிவுக்கும் 'அல்லது' போட்டு விதி சேர்க்கலாம், ஆனால் புதுப் பிரிவு வரும்போதெல்லாம் யார் ஞாபகம் வைப்பது? அதனால் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், விதி பொருந்துகிறதா என்று முடிவு செய்யும் ரூல் மேட்ச் ஃபில்டர் எழுதி, பதிவின் பிரிவுகளை எடுத்து, மேல் பிரிவுகளைத் தரும் கெட் ஆன்செஸ்டர்ஸ் ஃபங்ஷன் மூலம் தாய்ப் பிரிவைப் பார்க்கிறேன். சேமித்து, பக்கத்தைத் திரும்பத் திறந்தால் சரியாக வருகிறது. டிக் செய்த உடனே வரவில்லை, என் கோடு சேமித்த பிரிவுகளைத்தான் படிக்கிறது போல.

இன்னும் சேமிக்காத டிக்குகளை அந்த ஃபில்டருக்குள் எப்படி எடுப்பது? வேர்ட்பிரஸில் பதிவு எழுதும் திரையான பிளாக் எடிட்டரில் இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள், கோடு துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.