ஏப்ரல் லீவுக்குள் வலசைப் பறவைகள் எல்லாம் போய்விடுமா?

நிலாவெளிக்காரி:
வணக்கம். டிசம்பரில் திருகோணமலைப் பக்கம் கந்தளாய்க் குளத்துக்குப் போயிருந்தோம். வாத்து, உள்ளான் எல்லாமே ஒரே சாம்பலும் மண்ணிறமுமாக நின்றதில் எது எதுவென்று மகனுக்குச் சொல்ல முடியவில்லை. சித்திரை வருசப்பிறப்பு லீவில் திரும்பப் போக யோசிக்கிறேன், பிந்திவிடுமா? நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போகச் சொல்கிறார்கள், ஆனால் அங்குள்ள மாடப்புறா வருசம் முழுக்க இருப்பதுதானே.

தம்பலகாமத்தான்:
அக்கா, வருசப்பிறப்பு வரை பார்த்திருக்க வேண்டாம், மார்ச் கடைசியிலேயே போங்கள். அதற்குள் எண்ணிக்கை குறையத் தொடங்கிவிடும், ஆனால் நிற்கிறவை நிறம் மாறி நிற்கும், என்னைக் கேட்டால் வருசத்திலேயே நல்ல நேரம் அதுதான். நீலச்சிறகி வாத்தைப் பாருங்கள்: ஒக்டோபரில் வரும்போது ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மார்ச்சில் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே தொடங்கிப் பின்கழுத்துவரை வளைந்திறங்கும் வெள்ளைப் புருவம் வந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். கருவால் மூக்கன் என்கிற நீண்ட அலகுக் கரைப்பறவைக்குக் கழுத்தும் நெஞ்சும் செங்கல் நிறமாகும். மாரித் தண்ணீர் வற்றிச் சேற்றுக்கரை வெளியே வந்திருப்பதால் உள்ளான்களும் கிட்டவே மேயும். வெள்ளென போங்கள், ஆனால் கந்தளாய்ப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிறதா என்று ஊராட்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கன்னியா_வாசி:
குளத்தோடு நிற்காமல் காட்டுப் பக்கமும் வாருங்கள். ஆறுமணிக்குருவி ஏப்ரலில் இந்தியாவுக்குத் திரும்பிவிடும், அதற்கு முதல் மகனுக்குக் காட்டிவிடுங்கள். விடியவும் பொழுதுபடவும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். சத்தம் வந்த பக்கம் மரத்தை அண்ணாந்து பார்க்காமல் நிலத்தைப் பாருங்கள், சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போகும். பச்சை முதுகு, கட்டை வால், வாலடியில் நல்ல சிவப்பு. அப்புறம், வெள்ளை வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பானைக் கண்டால் அது இந்தியாவிலிருந்து வந்தது, எங்கள் ஊரிலேயே இருக்கிற துணையினத்தின் ஆண் வெள்ளையாவதில்லை, செம்மண்ணிறம்தான்.

புல்மோட்டை_ரோட்:
வாகனம் இருந்தால் கொக்கிளாய்க் களப்புக்கும் ஒரு காலை ஒதுக்குங்கள், 1951 முதல் சரணாலயம். பூநாரை நின்றால் கரையிலிருந்தே பாருங்கள். போன முறை யாரோ ட்ரோன் விட்டு முழுக் கூட்டத்தையும் எழுப்பிவிட்டார்கள், எனக்கு வயிறெரிந்தது. அங்கே மேய்கிற நுனி வளைந்த அலகுள்ள உள்ளான் சைபீரியாவின் வடகரைவரை பறக்க வேண்டியது, இந்தக் கிழமைகளில் தின்று சேர்க்கும் கொழுப்புத்தான் அதற்குக் கட்டுச்சோறு. வெயில் ஏறினால் களப்பில் கானல் எழும்பி எதுவும் வடிவாகத் தெரியாது, ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.