ஏஜென்ட் ரிக்ரெட்: ‘குற்றவுணர்வு’ பொருந்தாது

அன்புள்ள குழுவினருக்கு,

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். நம் அறவியல் சொல்லடைவில் ‘ஏஜென்ட் ரிக்ரெட்’ (agent-regret, ஒன்றைச் செய்தவருக்கே வருகிற வருத்தம்) என்பதற்கு நேரே ‘குற்றவுணர்வு’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும்.

இந்தக் கருத்தை முன்வைத்தவர் ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ், ‘மாரல் லக்’ (அற மதிப்பீட்டில் தற்செயலின் பங்கு) பற்றி 1976இல் எழுதிய கட்டுரையில். நம் வசத்தில் இருப்பதற்கு மட்டுமே நாம் பொறுப்பு என்ற, ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் வழி வந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிற கட்டுரை அது. அவர் காட்டுவது ஒரு லாரி ஓட்டுநரை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை அடிபட்டு இறந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்தவருக்கும் வருத்தம்தான், ஆனால் ஓட்டுநருக்கு இருப்பது வேறு. “உங்க மேல தப்பில்லை” என்று எல்லோரும் தேற்றுவார்கள், தேற்றத்தான் வேண்டும். அவரோ “ஆமா, இல்லையே” என்று உடனே அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டால், தேற்றியவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். குற்றம் இல்லாத இடத்திலும் ‘என் கையாலே ஆகிப்போச்சே’ என்று வருகிற உணர்வு இது. அதைக் குற்றவுணர்வு என்றால் வில்லியம்ஸ் சொன்னதே காணாமல் போய்விடும்.

நம்மிடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மனுநீதிச் சோழன் கதையில் எல்லோரும் அரசனையே பேசுகிறோம், மகனை மறந்துவிடுகிறோம். பெரியபுராணத்தில் கன்று தானாகத் தேர்க்காலில் புகுகிறது, இளவரசன் பார்க்கவில்லை. ஆனாலும் பதறி இறங்கி, செய்தி தந்தைக்கு எட்டும் முன்பே கழுவாய் தேடி அந்தணரிடம் போகிறான். ஈடுசெய்யத் துடிப்பதையும் வில்லியம்ஸ் இந்த உணர்வோடு சேர்த்தே பேசுகிறார்.

‘ஏஜென்ட்’ என்பதற்குப் போன மடலில் ஒருவர் ‘முகவர்’ என்றார். வேண்டாம். நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு அது பர்மாவில் முதலாளியின் வட்டிக்கடையை நடத்திய மேலாள்தான். (1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது, ஒழுங்காகக் கொடுத்த கடன் வராமல் வெறுங்கையோடு ஊர் திரும்பிய மேலாளுக்கும் இந்த உணர்வு வந்திருக்கலாம். ஆனால் அது வேறு மடல்.) ‘தன்வினை’ என்றால் பட்டினத்தார் நினைவுக்கு வந்து, செய்த பாவம் சுடுகிறது என்றாகிவிடும். தொல்காப்பியத்தின் ‘வினைமுதல்’ பழியும் ஏற்றாமல் புகழும் ஏற்றாமல் செய்தவனை மட்டும் காட்டுகிறது. அதோடு ‘உறுத்தல்’ சேர்த்து, ‘வினைமுதல் உறுத்தல்’ என்று வைக்கலாமா?

*

தம்பிக்கு,

வினைமுதல் நன்று. உறுத்தல்தான் இடிக்கிறது. அளவு குறைத்துப் போட்ட கடைக்காரரும் ‘மனசு உறுத்துது’ என்றுதானே சொல்கிறார்? குற்றத்தை வாசல் வழியே அனுப்பிவிட்டு, பின்கட்டு வழியாக உள்ளே விடுகிறீர்கள். ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்பது குறள், ‘என்ன செய்துவிட்டோம்’ என்று பின்னால் வருந்துகிற செயலைச் செய்யாதே என்று. அதைப் பார்த்து ‘வினைமுதல் இரக்கம்’ என்றால் என்ன? இல்லாவிட்டால் ‘வினைமுதல் ஆற்றாமை’. தேற்றினாலும் ஆறாதது என்ற பொருள் அதில் தானாக வருகிறது.

– தேவகோட்டையிலிருந்து

*

ஆச்சிக்கு வணக்கம்.

பின்கட்டு வழியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இரக்கம்’ இன்று அடுத்தவர் மேல் படுகிற பரிவாகிவிட்டது. வாசிக்கிறவர் குழந்தை மேல் இரக்கம் என்றே எடுத்துக்கொள்வார். குறளின் பொருளை மீட்பது நல்ல வேலைதான், ஆனால் சொல்லடைவு அதற்கு இடமில்லை. ‘ஆற்றாமை’ எனக்கும் பிடித்தது, அந்த ‘ஆறாதது’ அழகு. சிக்கல் என்னவென்றால், இன்றைக்கு அது ஒன்றும் செய்ய முடியாதவனின் தவிப்பு. நம் ஓட்டுநர் செய்தவர். செய்ததுதான் அவருக்குத் தொல்லை.

உறுத்தல் குற்றத்துக்கும் வரும், குற்றம் இல்லாதபோதும் வரும். கண்ணில் விழுந்த தூசிக்கு யாரும் பொறுப்பில்லை, உறுத்தாமலா இருக்கிறது? எந்த உறுத்தல் என்பதை விளக்கக் குறிப்பில் ‘தவறின்றியும் எழுவது’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடலாம்.

தலைச்சொல்லாக ‘வினைமுதல் உறுத்தல்’, மாற்றாக ‘வினைமுதல் ஆற்றாமை’ என இரண்டையும் பதிகிறேன். தட்டச்சு செய்கிறவர்கள் இரு சொல்லாகப் பிரித்தே எழுதுங்கள். சேர்த்து ‘வினைமுதலுறுத்தல்’ என்று போட்டால், எங்கள் ஊரில் முதலைக் கேட்டுக் கடன்காரர் கொடுக்கிற தொல்லை என்று படித்துவிடுவார்கள்.